கதை எழுதியவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ‘ஹவுல்ஸ் மூவிங் கேசில்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பற்றி முக்கால் பக்கத்துக்குக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் வண்ணங்கள், ஜோ ஹிசாயிஷியின் இசை, ஜிப்லி ஸ்டுடியோவின் வரலாறு, ஆஸ்கர் பரிந்துரை என்று ஒன்றையும் விடவில்லை. கதையை எழுதியவரின் பெயர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. போதாக்குறைக்கு, அந்த நடக்கும் கோட்டை மியாசாகியின் மனத்தில் உதித்தது என்று படத்துக்குக் கீழே ஒரு குறிப்பு வேறு.

அது உதித்தது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாழ்ந்த டயானா வின் ஜோன்ஸ் என்ற நாவலாசிரியையின் மனத்தில். நாவல் வெளிவந்தது 1986இல். அவரைக் கேட்டால் அதையும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். நாவலின் முன்பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்: ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தபோது ஒரு பையன் ‘நகரும் கோட்டை’ என்று ஒரு கதை எழுதுங்கள் என்று கேட்டானாம், அவன் பெயரைக் குறித்துப் பத்திரமான ஓர் இடத்தில் வைத்தாராம், அவ்வளவு பத்திரமாக வைத்ததால் பிறகு கண்டுபிடிக்கவே முடியவில்லையாம், அந்தப் பையனுக்கு மிக்க நன்றி என்று முடிக்கிறார். தலைப்பு மட்டும் கொடுத்த சிறுவனுக்கே நன்றி சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்கியவர் அவர். முழுக் கதையையும் கொடுத்தவருக்கு நம் இணைப்பில் அரை வரி கிடைக்கவில்லை.

நான் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். புத்தகத்தின் முதுகில் ஆசிரியர் பெயர் இல்லாவிட்டால் அதை எந்த அடுக்கில் வைப்பது என்று தவிக்கும் தொழில் என்னுடையது. அந்தப் பழக்கத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வெட்டாமல் போட்டால் மகிழ்வேன்; வெட்டுவதானால் என்னைப் பற்றிய பகுதிகளை வெட்டுங்கள்.

டயானா 1934இல் லண்டனில் பிறந்தார். 1939இல் போர் மூண்டதும் ஐந்து வயதுக் குழந்தையை வேல்ஸில் இருந்த தாத்தா வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு ஏரிகள் சூழ்ந்த வடமேற்கு இங்கிலாந்தில், கனிஸ்டன் ஏரிக்கரை வீடு ஒன்றுக்கு. ஜான் ரஸ்கினின் செயலாளராக இருந்தவரின் வீடு அது. காந்தியடிகளின் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட ‘அன்டு திஸ் லாஸ்ட்’ நூலை எழுதிய அதே ரஸ்கின்தான். போர்க்காலம், வரையக் காகிதம் கிடையாது. பரணில் ஒரு கட்டு நல்ல கெட்டித் தாள்களைக் கண்டாள் குழந்தை. அவற்றில் யாரோ பூக்களை வரைந்து வைத்திருந்தார்கள். ரப்பரை எடுத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள், பெரியவர்கள் வந்து பிடிக்கும்வரை. அழிந்தவை ரஸ்கின் கையால் வரைந்த ஓவியங்கள்!

அதே ஊரில் ஆர்தர் ரான்சம் என்ற புகழ்பெற்ற சிறுவர் எழுத்தாளர் படகுவீட்டில் இருந்தார். கரையில் விளையாடும் பிள்ளைகளின் சத்தம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்தார். டயானாவின் தங்கை இன்னொரு சிறுமியோடு ஒரு வீட்டுக் கேட்டில் ஏறி ஊஞ்சலாடியபோது வீட்டுக்காரக் கிழவி வெளியே வந்து இருவரையும் அறைந்துவிட்டார். அந்தக் கிழவி ‘பீட்டர் ராபிட்’ எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர். எழுத்தாளர்கள் என்பவர்கள் உண்மையிலேயே உயிரோடு இருப்பவர்கள், அவர்களுக்குக் குழந்தைகளைக் கண்டால் ஆகாது என்ற இரண்டு முடிவுகளுக்கும் தான் அப்போதே வந்துவிட்டதாகப் பின்னாளில் எழுதினார். எட்டு வயதில், தானும் எழுத்தாளராகப் போவதாக வீட்டில் அறிவித்தார். பெற்றோர் சிரித்தார்கள்.

போர் முடிவதற்கு முன்பே குடும்பம் எசெக்ஸில் உள்ள தாக்ஸ்டட் என்ற சிற்றூருக்குப் போனது. அப்பாவும் அம்மாவும் அங்கே ஒரு கல்வி மாநாட்டு இல்லத்தை நடத்தினார்கள். நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளுக்கு நல்வழி சொல்வார்கள். சொந்தப் பெண்கள் மூவரும் முற்றத்துக்கு அப்பால், கணப்பு வசதி இல்லாத ஈரச் சாய்ப்பில் கிடந்தார்கள். தங்கைகளுக்குத் தலைவாருவதிலிருந்து துணிமணி தேடுவதுவரை டயானா பார்த்துக்கொண்டார். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாலும், புத்தக விஷயத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. ஆர்தர் ரான்சத்தின் நாவல்களை ஒரே தவணையில் மொத்தமாக வாங்கினார் அப்பா. உயரமான அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஆண்டுக்கு ஒன்று, கிறிஸ்துமஸ் அன்று, மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு புத்தகம்! டயானா பல்கலைக்கழகம் போகும் காலம்வரை அந்த விநியோகம் நடந்தது.

நம் பள்ளிக்கூடங்களில் நூலக பீரோவின் சாவி யாரிடம் இருக்கும், அது எந்த ஆய்வு நாளில் வெளியே வரும் என்பதையெல்லாம் பார்த்தவள் என்பதால், இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அந்த மூன்று பெண்களும் வேறு வழி கண்டார்கள். படிக்கப் புத்தகம் இல்லாவிட்டால் எழுதிக்கொள்ள வேண்டியதுதான் என்று டயானா நோட்டுகளில் கதை எழுதி இரவில் தங்கைகளுக்குப் படித்துக் காட்டினார். வாசகர்கள் மறுநாள் காலையிலேயே அடுத்த அத்தியாயம் எங்கே என்று கேட்டு நின்றார்கள். இதைவிடக் கறாரான பயிற்சி எந்த எழுத்துப் பட்டறையிலும் கிடைக்காது.

1953இல் ஆக்ஸ்போர்டில் செயின்ட் ஆன்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே டோல்கியனும் நார்னியா கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸும் பாடம் நடத்தினார்கள். லூயிஸ் வகுப்பில் நிற்க இடம் இருக்காதாம். டோல்கியன் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு முணுமுணுப்பாராம். கேட்க ஆள் வராவிட்டால் வகுப்பைக் கைவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வேலையைப் பார்க்கலாம், சம்பளமும் குறையாது என்பது அவர் திட்டம் என்று டயானா கேலி செய்கிறார். டயானாவும் இன்னும் சிலரும் மட்டும் விடாமல் போய் உட்கார்ந்து அந்தத் திட்டத்தைக் கெடுத்தார்கள். ஒரு சாதாரணப் பயணக் கதை எந்த இடத்தில் எதைச் சேர்த்தால் தேடல் கதையாக மாறுகிறது என்பதை அந்த முணுமுணுப்பிலிருந்து பொறுக்கி எடுத்ததாகச் சொல்கிறார்.

1956இல் திருமணம். கணவர் ஜான் பர்ரோ, இடைக்கால ஆங்கில இலக்கிய அறிஞர். மூன்று மகன்கள். அவர்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகே எழுத நேரம் கிடைத்தது. 1970இல் பெரியவர்களுக்காக எழுதிய ஓர் அங்கத நாவல் வந்தது. சிறுவர்களுக்கான முதல் நாவல் 1973இல், அவர் நாற்பதை நெருங்கியபோது. அதன் பிறகு நிறுத்தவே இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள். எல்லாவற்றையும் இங்கே சொல்லப் போவதில்லை, நான் படித்தவையும் எல்லாம் அல்ல. பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் தேடி எடுத்தவையே என்னிடம் இருப்பவை.

‘சார்ம்டு லைஃப்’ (1977) என்ற நாவலை மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். கார்டியன் நாளிதழின் சிறுவர் புனைவு விருது பெற்றது. கேட் என்ற அநாதைச் சிறுவனுக்கு அக்கா க்வெண்டலின்தான் உலகம். அவள் மந்திரத்தில் கெட்டிக்காரி, இவன் மண்டு என்பது ஊர் பேச்சு. அவனும் அப்படியே நம்புகிறான். உண்மையில் அவனுக்கு ஒன்பது உயிர்கள். அவற்றை ஒரு தீக்குச்சி அட்டைக்குள் அடைத்து, தன் மந்திரங்களுக்கு ஒவ்வொன்றாகச் செலவழித்துக்கொண்டு வருகிறாள் அக்கா. ஒரு கட்டத்தில் விவரம் அறியாத கேட் அதிலிருந்து ஒரு குச்சியை உரச, அவன் உடம்பே பற்றிக்கொள்கிறது. கதை முழுக்க அவனுக்கு அக்கா மேல் இருக்கும் பாசம் மாறுவதில்லை; நமக்குத்தான் பக்கத்துக்குப் பக்கம் பதறுகிறது. கூடப் பிறந்தவர்களே ஒருவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்ப்பதைக் குடும்பக் கதை எழுதுகிறவர்கள் நூறு விதமாக எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு நேராக எழுத ஒரு தீக்குச்சி அட்டை தேவைப்பட்டிருக்கிறது.

‘ஃபயர் அண்ட் ஹெம்லாக்’ (1985) நாவலில் வரும் பாலி என்ற பெண்ணை, இனி நீ போய் உன் அப்பாவோடு இரு என்று அம்மா ரயிலேற்றி அனுப்புகிறாள். பிரிஸ்டலில் இறங்கிப் போனால், மகள் அங்கேயே தங்கிவிட வருகிறாள் என்பதை அப்பா தன்னுடன் வாழும் பெண்ணிடம் சொல்லியிருக்கவில்லை. ஒருவரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அவளுக்கு அங்கே இடம் இல்லை, அவ்வளவுதான். பழைய ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல் ஒன்றைத் தழுவிய நாவல் அது. தேவதைகளின் ராணி வருகிறாள். ஆனாலும் ராணியைக் கண்டு எனக்குப் பயம் வரவில்லை, அந்த அப்பாவைக் கண்டே வந்தது. தன் சொந்தச் சிறுவயதை நெருக்கமாகத் தொட்டு எழுதிய ‘தி டைம் ஆஃப் தி கோஸ்ட்’ (1981) நாவலில், நடந்தவற்றைக் குறைத்து எழுத வேண்டியிருந்தது, உள்ளபடி எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். மாயக்கதை என்றால் வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுவது என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. பெரியவர்கள் சொல்வதே சரி என்று சிறுவர் நாவல்கள் எழுதப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், பெற்றோர் தவறலாம், சுயநலமாக இருக்கலாம், பிள்ளையை மறந்தேபோகலாம் என்று இவர் டிராகனையும் சூனியக்காரியையும் கூட்டி வந்து எழுதினார். யார் தப்பி ஓடினார்கள் என்று தங்கள் கட்டுரையாளர் சொல்லட்டும்.

இனி கோட்டைக்கு வருகிறேன். படத்தைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. பேத்தியோடு உட்கார்ந்து ரசித்துப் பார்த்தேன். டயானாவுக்கும் படம் பிடித்திருந்தது. ஆனால் நாவலைப் படித்த பேத்தி, “ஆச்சி, புத்தகத்தில் சண்டையே வரவில்லையே!” என்றாள். படத்தில் வானம் முழுக்கப் போர்க் கப்பல்கள், எரியும் ஊர்கள். நாவலிலோ அண்டை நாடுகளோடு போர் வரலாம் என்று ஒரு பேச்சு அடிபடுவதோடு சரி. இருவருமே போர்க்காலத்துக் குழந்தைகள், மியாசாகி போரைக் காட்டுகிறார், நான் அதை விட்டுவிடுகிறேன் என்ற பொருளில் டயானாவே ஒரு பேட்டியில் சொன்னார்.

அந்தக் கதவை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டை வாசலின் குமிழில் நான்கு பக்கமும் நான்கு வண்ணம். நாவலில் நீலம் கீழே வந்தால் கதவு துறைமுக ஊருக்குத் திறக்கும். சிவப்பு என்றால் அரசனின் தலைநகர். பச்சை என்றால் மலைச்சரிவு. கறுப்பு? படத்தில் அது கோட்டைக்குச் சொந்தக்காரனான ஹவுல் போருக்குப் பறந்துபோகும் இருட்டு. நாவலில் கறுப்புக் கதவைத் திறந்தால் இருப்பது இன்றைய வேல்ஸ்! மழைத் தூறல், வரிசை வீடுகள், தெருவில் கார். பெண்களின் இதயத்தைத் தின்பவன் என்று ஒரு நாடே நடுங்கும் மந்திரவாதி ஹவுலின் உண்மைப் பெயர் ஹவல் ஜென்கின்ஸ். படிப்பை முடித்தும் ஒழுங்கான வேலைக்குப் போகாத தம்பி என்று அக்கா மேகன் அவனை வாசலிலேயே நிற்கவைத்துக் கரித்துக்கொட்டுகிறாள். அக்கா மகன் கணினி விளையாட்டிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. அவனுடைய பள்ளிக்கூட வீட்டுப்பாடத் தாள் ஒன்று கைமாறி மந்திர உலகுக்குப் போய்விட, அதில் இருக்கும், ஆங்கிலக் கவிஞர் ஜான் டன்னின் கவிதையே ஹவுலின் மேல் விழுந்த சாபமாகிறது. இந்தப் பகுதி முழுவதும் படத்தில் இல்லை. கட்டுரையாளர் படத்தை மட்டும் பார்த்தவர் என்பது எனக்குத் தெரிந்தது இதனால்தான். ஹவுலைத் துன்பியல் நாயகன் என்று எழுதியிருக்கிறார். அக்காவிடம் திட்டு வாங்கும் துன்பியல் நாயகன்!

கதாநாயகி சோஃபியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூனியக்காரியின் சாபத்தால் கிழவியாகும் பாவப்பட்ட பெண் என்று எழுதிவிட்டீர்கள். நாவலில் அவள் தொப்பிக்கடையில் தனியாக உட்கார்ந்து தொப்பிகளுக்கு அலங்காரம் தைக்கிறாள். பேச ஆள் இல்லாததால் தொப்பிகளோடு பேசுகிறாள். மடிப்பு வைத்துத் தைத்த, எடுப்பில்லாத ஒரு தொப்பி. அதைப் பார்த்து இரக்கப்பட்டு, உனக்குத் தங்கமான மனசு, பெரிய இடத்து ஆள் ஒருவர் அதைக் கண்டு உன்மேல் காதல் கொள்ளப்போகிறார் என்று ஆறுதல் சொல்கிறாள். அழகில் கவனிக்கப்படாத ஒரு பெண் அதை வாங்கிப் போகிறாள். சில நாளில் ஒரு பிரபுவோடு ஓடிப்போய்விட்டாள் என்று ஊரெல்லாம் செய்தி! சோஃபி சொன்னால் பொருள்கள் கேட்கின்றன. தனக்கு அந்த ஆற்றல் இருப்பது அவளுக்கு மட்டும் தெரியாது. மூன்று பெண்களில் மூத்தவள் என்றால் உருப்பட மாட்டாள் என்று தேவதைக் கதைகள் சொன்னதை அப்படியே நம்பி உட்கார்ந்திருக்கிறாள். கிழவியான பிறகுதான் அவளுக்கு வாய் திறக்கிறது. யாரையும் அதட்டுகிறாள், யார் வீட்டையும் பெருக்குகிறாள், இனி என்ன போகப்போகிறது என்ற துணிச்சல். அறுபதைத் தாண்டிய பெண்கள் இந்தப் பகுதியைப் படித்தால் சிரிப்பை அடக்க முடியாது. சிறுவர் நூல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். எழுதியவரும் மூன்று பெண்களில் மூத்தவர் என்பதைக் கவனியுங்கள்.

1996இல் ‘தி டஃப் கைடு டு ஃபேன்டஸிலேண்ட்’ என்று ஒரு குறும்பு செய்தார். மாயக்கதை உலகம் என்பது ஒரு சுற்றுலாத் தலம், இது அதற்கான வழிகாட்டி என்ற பாவனையில் அகராதி வடிவில் எழுதியது. எந்த நாவலைத் திறந்தாலும் ஒரே மாதிரி வரைபடம், எந்தச் சத்திரத்தில் தங்கினாலும் அதே இறைச்சிக் குழம்பு, நாள் முழுக்க ஓடினாலும் களைக்காத குதிரைகள். அந்தக் குதிரைகள் மகரந்தச் சேர்க்கையால் இனம் பெருக்குகின்றன போலும் என்று ஒரு ஊகம். சக எழுத்தாளர்களை இப்படிக் கிண்டலடித்தும் அவர்களுடைய அன்பை இழக்காதவர். நீல் கெய்மன் போன்றவர்கள் அவரை ஆசான் என்றே கொண்டாடினார்கள்.

1997க்குப் பிறகு ஹாரி பாட்டர் அலை வந்தது. மந்திரம் தடைசெய்யப்பட்ட உலகில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடம், அங்கே வகுப்பில் யாரோ ஒருவர் மந்திரவாதி என்று ‘விட்ச் வீக்’ நாவலை இவர் 1982லேயே எழுதிவிட்டார். அந்த அலையில் இவருடைய பழைய புத்தகங்களும் மறுபதிப்பாகிக் கடைகளுக்கு வந்தன. அதில் ஆதாயம் இருந்தது. இரண்டாம் இடத்து ஆள் என்ற பார்வையும் கூடவே வந்தது. 2004இல் மியாசாகியின் படம் வந்து புகழைக் கூட்டியது. நம் ஊர்வரை வரும்போது அந்தப் புகழிலிருந்து பெயர் மட்டும் கழன்று விழுந்துவிட்டது.

2007இல் உலக ஃபேன்டஸி வாழ்நாள் சாதனை விருது. 2009இல் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. 2011 மார்ச் 26 அன்று, எழுபத்தாறாம் வயதில் காலமானார். ஒரு நாவல் பாதியில் நின்றது. அவர் திட்டம் போட்டு எழுதுபவர் அல்லர், குறிப்பும் வைப்பதில்லை. மீதிக் கதை எங்கே போகும் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. அதை முடிக்கும் பொறுப்பு கடைசித் தங்கை உர்சுலா ஜோன்ஸிடம் வந்தது. தாக்ஸ்டட் சாய்ப்பில் அக்காவின் நோட்டுக்கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். ‘தி ஐலண்ட்ஸ் ஆஃப் கால்டியா’ என்று 2014இல் வெளிவந்தது. அக்காவின் எழுத்து எந்த வரியோடு முடிந்து தங்கையின் எழுத்து தொடங்குகிறது என்று நானும் தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது இரண்டு. திரைப்படக் கட்டுரைகளுக்குத் தகவல் பெட்டி போடுகிறீர்கள். அதில் இயக்கம், இசை, ஒளிப்பதிவு என்று வரிசையாக வருகிறது. நாவலைத் தழுவிய படமென்றால் மூலநூல், ஆசிரியர் என்று ஒரு வரியைச் சேருங்கள். ஜிப்லி நிறுவனம் 2020இல் எடுத்த ‘இயர்விக் அண்ட் தி விட்ச்’ படமும் இவருடைய கதைதான். இந்த வரிசையில் அடுத்து அதைப் பற்றியும் எழுதப் போவதாகக் கட்டுரையின் கடைசியில் அறிவித்திருக்கிறீர்கள். இரண்டாவது, கட்டுரையாளர் நாவலைப் படிக்க விரும்பினால் என் பிரதியைத் தபாலில் அனுப்பத் தயாராக இருக்கிறேன். பதினைந்து நாளில் திருப்பித் தர வேண்டும்.

மேலும் ஒரு சிறு திருத்தம். படம் வெளியான ஆண்டு 2006 என்று அச்சாகியிருக்கிறது. அது ஆஸ்கர் விழா நடந்த ஆண்டு. படம் ஜப்பானில் வெளிவந்தது 2004 நவம்பரில்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கிளை நூலகர்,
அம்பாசமுத்திரம்.